கறையம்மா

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு போனை எடுத்தாள். பையன் எழுதியிருக்கிறான்.

பெற்றவளுக்கு இல்லை. கறையம்மாவுக்கு.

கறையம்மா என்பது ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம். டீக்கறை, மைக்கறை, துருக்கறை, எது பட்டாலும் என்ன போட்டால் போகும் என்று அது சொல்லும். முகம் கிடையாது, வெறும் சோப்பு நுரைப் படம். அந்த நுரையைப் பார்த்துத்தான் ஆயிரம் பேர் 'அம்மா, அம்மா' என்று உருகுகிறார்கள். உருகட்டும், அவர்கள் யார் பெற்ற பிள்ளைகளோ.

இவன் இவள் பெற்றவன்.

வேலைக்கென்று வெளியூர் போய் இரண்டு வருஷம். "சாப்பிட்டியா கண்ணு?" என்று இவள் அனுப்பினால் ஒரு 'ம்' வரும். மனசு வந்தால் கட்டைவிரல் படம். ஃபேஸ்புக்கில் இவள் கொடுத்த நட்பு அழைப்பையும், பசங்க கிண்டல் பண்ணுவாங்க என்று சொல்லித் தள்ளிவிட்டான்.

நுரைக்காரிக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுதுவான். முதலில் சட்டைப் பையில் ஒழுகிய மையைப் பற்றிக் கேட்டான். அப்புறம் மேனேஜர் திட்டியது. அப்புறம் ஒருத்தி பேசாமல் போனது. சட்டையில் ஆரம்பித்தவன் நெஞ்சு வரைக்கும் திறந்து காட்டிவிட்டான்.

சலவைக்கூடத்தில் பக்கத்து மேசையில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"அட, கறையம்மாவா? ஏன்க்கா மூஞ்சி இப்படிப் போகுது, உன் புருஷனையா இழுத்துக்கிட்டுப் போயிட்டா?"

புருஷனை இழுத்துக்கொண்டு போயிருந்தால்கூட இத்தனை எரிந்திருக்காது.

இன்றைக்கு எழுதியிருந்தது இதுதான்: 'மூணு நாளா காய்ச்சல்மா. எழுந்து தண்ணி குடிக்கக்கூட முடியல. வீட்ல சொல்லல.'

அந்த மூன்று நாளும் வீட்டுக்கு ஒழுங்காக மூன்று 'ம்' வந்திருந்தது.

அவன் நெற்றியில் ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்தவள் யார்? மருந்து கசக்கிறது என்று துப்பியதைக் கையில் ஏந்தியவள் யார்? துணிக்கு வைத்தியம் சொல்கிற ஒருத்திக்குக் காய்ச்சலை எழுதுகிறானாம். அந்த நுரையை அப்படியே சாக்கடையில் கொட்டிவிடலாம் போல் வந்தது.

கீழே இன்னொரு வரி இருந்தது.

'உங்க நம்பர் தருவீங்களாம்மா? ஒரு தடவை உங்க குரலைக் கேட்டா போதும்.'

படித்தாள். திரும்பப் படித்தாள். பெட்டி ஆறிப்போனது.

அவன் நட்பு வேண்டாம் என்று தள்ளிய அந்த வாரமே, எந்தப் பெயரிலாவது அவன் கண்ணில் பட்டால் போதும் என்று இவள் திறந்த பக்கம்தான் கறையம்மா.

பதில் எழுதும் இடத்தைத் தொட்டு, நம்பரை ஒவ்வொரு எண்ணாகப் போட்டாள். கடைசி எண்ணில் விரல் நின்றது.

அவளிடம் இருப்பது ஒரே ஒரு நம்பர். அது அவன் போனில் 'அம்மா' என்று ஏற்கெனவே இருக்கிறது.