சிறகு எங்கே உடையும்?

"பிளேன்ட செறகு எந்த எடத்துல ஒடயும் எண்டு ஒனக்கு என்னத்துக்கு?"

எஸ்.ஐ. ஹாஷிம் கேட்டதும் கதிர்காமநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மேசையில் மூன்று கொப்பிகள் கிடந்தன. எல்லாவற்றிலும் விமானச் சிறகுகள், ரிவெட் ஆணிகள், அம்புக்குறிகள். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு வெள்ளவத்தையில், யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவனின் வீட்டில் இருக்கவே கூடாத படங்கள். காலையில் ஒழுங்கை முழுக்கச் செக்கிங். கொப்பிகளோடு அவனையும் ஜீப்பில் ஏற்றிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

"படிக்கிறதுக்கு சேர். பிளேன் பராமரிக்கிற படிப்பு."

ஹாஷிம் அவனுடைய அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தார். தொழில் என்ற இடத்தில் 'மாணவன்' என்றுதான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் எடுத்த அட்டைகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கும்.

"கொப்பியில பேரு ஒண்டும் இல்லியே. வேற ஆரும் கொண்டாந்து ஒன்ட ஊட்டுல வெச்சீந்தா இப்பவே செல்லிரு. இல்லாட்டி ஒன்ன உள்ளுக்குப் போட வேண்டி வரும். எத்தின மாசம் எண்டு எனக்கே தெரியா."

"என்ரதான் சேர். வேணுமெண்டால் கேட்டுப் பாருங்கோ."

ஹாஷிம் இதை எதிர்பார்க்கவில்லை. அந்த நாற்காலியில் அழுதவர்களைப் பார்த்திருக்கிறார், கும்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறார். தன்னைக் கேள்வி கேட்கச் சொன்னவன் இவன்தான். சரி, பார்ப்போமே என்று ஒரு கொப்பியைத் திறந்து விரலை வைத்தார்.

"தாங்கக்கூடிய பாரத்தோடதான் பிளேன் பறக்குது. பொறகு ஏன் தகடு வெடிக்கிது?"

"களைப்பு சேர். பெரிய பாரம் ஒருக்கா வந்து உடையிறது வேற. சின்னப் பாரம் ஆயிரக்கணக்கான தரம் ஏறி இறங்கினால் நல்ல அலுமினியமும் களைச்சுப் போகும். எழும்பேக்க இழுபடும், இறங்கேக்க விடுபடும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அப்பிடித்தான் வாறது."

"எங்க தொடங்கும்?"

"உங்கட யூனிஃபோம் முதலில எங்க கிழியும் சேர்?"

"என்னயா கேள்வி கேக்கிற?"

"கமக்கட்டில சேர். கை உடம்போட சேருற இடம், அதிலயும் கீழ்ப்பக்கம். தையல் ஓட்டையில இருந்துதான் கிழியத் தொடங்கும். பிளேனும் அப்பிடித்தான். காத்து சிறகை மேல தூக்கேக்க கீழ்த் தகடு இழுபடும். சிறகு உடம்போட சேருற இடத்தில, ரிவெட் ஓட்டையில வெடிப்பு தொடங்கும்."

ஹாஷிம் தன்னையறியாமல் கையைச் சற்றே தூக்கிக் கமக்கட்டைப் பார்த்துக்கொண்டார். பார்த்ததற்காகவே பிறகு கோபம் வந்தது.

"வெடிச்சா என்ன செய்ற?"

"வெடிப்பின்ர நுனியில ஒரு சின்ன வட்ட ஓட்டை போடுவினம்."

"வெடிச்ச எடத்துல இன்னும் ஓட்டையா? என்னோட வெளையாடாத."

"கூரான நுனிதான் சேர் ஓடிக்கொண்டு போகும். வட்டமாக்கினால் இழுவை பரவிப் போகும், வெடிப்பு நிக்கும். அதுவும் கொஞ்சக் காலத்துக்குத்தான். பிறகு மேல தகடு வைச்சு ரிவெட் அடிக்கவேணும்."

ஹாஷிம் பக்கத்தைப் புரட்டினார். அவன் சொன்னது அப்படியே படத்தோடு இருந்தது. இன்னும் நாலைந்து கேள்வி கேட்டார். எதற்கும் அவன் தடுமாறவில்லை. கடைசியில் கொப்பியை மூடி வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார்.

"அப்ப எந்த எடத்துல கை வெச்சா பிளேன் உழும் எண்டும் ஒனக்குத் தெரியும்."

இவ்வளவு நேரமும் இங்கே கொண்டுவரத்தான் கேட்டிருக்கிறார். தெரியும் என்றால் அவன் புலி. தெரியாது என்றால் கொப்பி அவனுடையது இல்லை.  கதிர்காமநாதனின் குரல் மாறவில்லை.

"தெரியும் சேர். ஆனா விழுத்த நினைக்கிறவனுக்கு இந்தப் படிப்புத் தேவையில்லை. அவன் எங்க சுட்டாலும் விழும். விழாமல் பாக்கிறவனுக்குத்தான் ஒவ்வொரு ஓட்டையும் தெரிஞ்சிருக்கவேணும். அதுக்குத்தான் மூண்டு கொப்பி."

ஹாஷிம் மூன்று கொப்பிகளையும் ஒன்றாக அடுக்கினார். பிறகு அவன் பக்கம் தள்ளிவிட்டார்.

"நல்லாப் படிச்சீக்கிற மகன். என்ட ராத்தாட மகனுக்கு வாத்தியார் வெச்சும் ஒண்டும் ஏறுதில்ல. ஊட்டுக்குப் போ."

பன்னிரண்டு மணிக்கு இரத்மலானையில் ஒரு பரீட்சை மண்டபத்தின் வாசலில், கொப்பிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதிர்காமநாதன் நின்றான். மணி அடித்ததும் வெளியே வந்த கூட்டத்தில் தங்கை கௌரியின் முகத்தைக் கண்ட பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. காலையில் உண்மையைச் சொல்லியிருந்தால், அந்த ஜீப் பாதிச் சோதினையில் நேராக இந்த வாசலுக்கு வந்திருக்கும்.

"எப்பிடிப் பிள்ளை?"

"எல்லாம் செய்தனான் அண்ணா. பின்னேரங்களில என்ர கொப்பியைப் பிடிச்சுக்கொண்டு நீங்கள் கேட்ட கேள்வியள்தான் முழுக்க வந்தது. அதுசரி, தையல் கடைக்குப் போகாமல் இங்க என்ன செய்யிறியள்?"

"எனக்கும் இண்டைக்குச் சோதினைதான்," என்றான் கதிர்காமநாதன். "அதே கேள்வியள்தான் வந்தது."