ஓடைத் திருப்பம்

கரடி வந்த பிறகு குரங்குகள் கத்தினவா, அவை கத்திய பிறகு கரடி வந்ததா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. மற்றதை மறக்க முடியவில்லை.

படவேட்டுக்கு மேலே, கோடையில் காய்ந்து கிடக்கும் காட்டோடை அது. இரண்டு பக்கமும் குரங்கைத் தவிர எதுவும் ஏறமுடியாத பாறைச்சுவர். அக்காவின் கணவர் தனசேகரன், எங்களோடு ஆரணியில் தறி ஓட்டும் நெடுஞ்செழியன், நான், மூவரும் அங்கே கூடாரம் போட்டிருந்தோம். அக்காவுக்குத் திருமணமாகிச் சில மாதங்கள்தான். "அவர பத்தரமா இட்டுகினு வந்துடுடா" என்று என்னிடம் சொல்லித்தான் அனுப்பினாள்.

காலையில் குரங்குகள் மாமாவின் கையிலிருந்தே பிஸ்கட் வாங்கித் தின்றன. பிறகு அவர் கேனை எடுத்துக்கொண்டு, ஓடைத் திருப்பத்துக்கு அப்பால் இருந்த சுனைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அதே திருப்பத்தில் ஒரு கரடி வந்து நின்றது. குரங்குகள் அலறிக்கொண்டு பாறை உச்சிக்கு ஓடின. கரடி எங்களைப் பார்த்தது. வந்த வழியே திரும்பிப் போனது.

நாங்கள் அசையாமல் நின்றிருந்தபோதே மாமா நிறைந்த கேனோடு அதே திருப்பத்திலிருந்து வந்தார். உச்சியில் குரங்குகள் மறுபடியும் அதேபோல் அலறின.

"கரடி உங்க பக்கந்தானே வந்துச்சு மாமா?"

"கரடியா? அங்க நான் மட்டும்தான்டா இருந்தேன். இன்னாடா செழியா, இவன் ராத்திரி இன்னாத்த குடிச்சான்?"

செழியன் சிரிக்கவில்லை.

அவன் இப்போது காஞ்சிபுரத்தில் இருக்கிறான், போன் செய்வதில்லை. மாமா நன்றாக இருக்கிறார். அக்காவிடம் நான் எதையும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் இன்னும் தூக்கவில்லை.