செயலாளர் மறந்த நோட்டீஸ்

உலக யுத்தக் காலச் சிக்கனம், விளக்கு எரிக்கும் எண்ணெய் மிச்சமாகட்டும் என்று, திண்டிவனம் பக்கத்துப் பால் சொசைட்டியில் முன்கூட்டியே வீடு வீடாக நோட்டீஸ் அனுப்பிவிட்டுக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். மறுநாள் எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். பால்தான் பாதியாக வந்தது. வீட்டில் கடிகாரமே இல்லாத காசியம்மாளின் தூக்கு மட்டும் தளும்பியது.

செயலாளர் தணிகாசலம் அசந்துபோனார். "எப்படிம்மா?"

"நோட்டீஸ் வந்ததுலேர்ந்தே தயார் பண்ணிக்கினு வந்தேங்க. தினம் கொஞ்சங்கொஞ்சமா முன்னால எழுப்பினேன். ரெண்டு பேரும் மொதல்ல மொறைச்சாளுங்க, அப்பறம் பழகிட்டாளுங்க."

"மாமியார்னா இப்படி இருக்கணும்! மருமகளுங்க பேரு என்னம்மா?"

"மருமக ஏதுங்க எனக்கு? ஒருத்தி செவலை, ஒருத்தி மயிலை. நோட்டீசு நமக்குத்தானே அனுப்பினீங்க, மாட்டுக்கு யாருங்க சொல்றது?"