செண்பகவல்லி போட்ட கோடு

சக்கர நாற்காலியில் வந்திருந்த செண்பகவல்லியை விட்டுவிட்டு, அதைத் தள்ளி வந்த அவளுடைய அண்ணன் கதிரேசனிடமே கடைக்காரர் பேசினார். "கிச்சனுக்கு இப்ப எல்லாரும் இதைத்தான் சார் போடுறாங்க" என்று பளபளக்கும் அலமாரி ஒன்றைத் திறந்து காட்டினார். நாற்பத்தைந்து வயதில், சொந்தச் சம்பாத்தியத்தில் அவள் வீடு கட்டியிருந்தாள். அதுவரை அண்ணன் வீட்டில் ஒரு டம்ளர் எடுக்கவும் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். கடைக்காரர் காட்டிய அலமாரிக் கதவின் அடிவிளிம்பை நகத்தால் சுரண்டினாள். தூள் உதிர்ந்தது. "இது மரத்தூளை ஒட்டின பலகை. எனக்குத் தேக்கு வேணும்." கடைக்காரர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். தேக்கு அலமாரி வரை தானே உருட்டிக்கொண்டு போனவள், இழுப்பறையை முழுதாக இழுத்துப் பார்த்தாள். கதவைப் பிடித்துத் தொங்குவதுபோல் அழுத்தினாள். அசையவில்லை. பிறகு கையை மேலே நீட்டினாள். மூன்றாம் தட்டோடு விரல் நின்றுவிட்டது. பென்சில் கேட்டு வாங்கி, அந்த இடத்தில் கோடு போட்டாள். "இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். வீடு முழுக்க இதான் உயரம்."

"நாளைக்கு நாங்கள்லாம் வந்தா ஒவ்வொண்ணுக்கும் குனியணுமேம்மா" என்றார் அண்ணன்.

"குனிங்கண்ணே."

கடைக்காரர் அளவு நாடாவின் ஒரு முனையைக் கோட்டில் வைத்தார். மறுமுனையைத் தரையில் பிடிக்க அண்ணன்தான் குனிய வேண்டியிருந்தது.