காற்று சாதகமான நாள்

"என் பொண்ணும் இந்தக் காத்துலதாங்க வளர்றா. காலையில ஏரிக்கரைல ஓட விட்டா, திரும்ப வீட்டுக்கு இழுத்துட்டு வர்றதே பெரும்பாடு."

காரின் முன் இருக்கையிலிருந்து முழுசாகத் திரும்பி, சிரித்த முகமாக அவள் இதைச் சொன்னாள்.

பின்னால் இன்ஜினியர், அவர் மனைவி, ஜன்னலோரம் அவர்களுடைய நாலு வயது மகள். மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: குழந்தைக்கு வீசிங் உண்டு, இந்த ஊர்க் காற்று ஒத்துக்கொள்ளுமா என்று.

பொய் தட்டுத் தடங்கல் இல்லாமல் வந்தது. வராமல் என்ன, அதுதானே பிழைப்பு.

கம்பெனியில் அவளுக்குப் பெயர் தரகரம்மா. வெளியூர்க் கெட்டிக்காரர்களை வேலைக்கென்று அழைத்து வந்து, ஊரைச் சுற்றிக் காட்டி, இங்கேயே இருந்துவிடலாம் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். ஊரைச் சிங்காரித்துக் கட்டிக்கொடுக்கிறாளாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

கம்பெனி அச்சடித்த வழவழப் புத்தகத்தின் அட்டையில் ஏரி இருக்கிறது. கொக்கு இருக்கிறது. 'நெஞ்சு நிறையக் காற்று' என்று கொட்டை எழுத்தில் போட்டும் இருக்கிறது.

ஏரிக்கு அந்தப் பக்கம் வருஷக்கணக்காக எரிகிற குப்பைமேடு மட்டும் அட்டையில் இல்லை. துவைத்துக் காயப்போட்ட துணியில்கூட அதன் நாற்றம் ஏறும். அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டு காற்றை விற்கிறார்கள், கர்மம்.

அதனால்தான் இந்த ஏற்பாடு. காலையில் டிரைவர் மொட்டை மாடியில் நின்று புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து போன் செய்வார். இந்தப் பக்கம் சாய்ந்தால் விருந்தாளிக்கு ஓட்டலிலேயே மீட்டிங். அந்தப் பக்கம் சாய்ந்தால் ஊர் சுற்றல்.

இன்று புகை சமர்த்தாக அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது.

இந்த இன்ஜினியர் சேர்ந்தால் ஒரு பெரிய வெளிநாட்டு வாடிக்கையாளர் அவர் பின்னாலேயே வருவார். இதற்கு முன் இரண்டு பேர் கைநழுவிப் போய்விட்டார்கள். இவரும் போனால் நீயும் வேறு இடம் பார்த்துக்கொள் என்று மேனேஜர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். புருஷன் இல்லாமல் ஒற்றைச் சம்பளத்தில் பிள்ளை வளர்க்கிறவளிடம் அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

மடியில் போன் அதிர்ந்தது. அக்கா. அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

ஏரிக்கரையில், அட்டைக்குப் படம் எடுத்த அதே இடத்தில் இறங்கினார்கள். கொஞ்சம் தள்ளி நின்றால் ஏரியில் மிதக்கிற கழிவு நுரை தெரிந்துவிடும். இன்ஜினியர் குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆபீஸ் திரும்பும் வழியில் காற்று மாறியது. டிரைவர்தான் முதலில் கவனித்தார். சட்டென்று வேகத்தைக் கூட்டினார்.

பின் ஜன்னலின் பூட்டை அவர் போட்டிருக்கவில்லை. யாருக்குத் தோன்றும்? குழந்தையோடு யாரையும் அவர்கள் கூப்பிட்டதில்லை. பெரியவர்கள் ஏசியில் கண்ணாடியைத் தொட மாட்டார்கள். குழந்தை பொத்தானைப் பார்த்தது, அழுத்தியது.

புகை உள்ளே வந்தது. எரிந்த பிளாஸ்டிக்கும் அழுகலும் கலந்த அந்தப் புகை.

கண்ணாடியை ஏற்றுவதற்குள் குழந்தையின் நெஞ்சிலிருந்து பூனைக்குட்டி முனகுகிற மாதிரி ஒரு சத்தம். அம்மாக்காரி பதறிப்போய்க் கைப்பையைக் கொட்டிக் கவிழ்த்தாள். மருந்து டிக்கியில், பெட்டிக்குள், எங்கேயோ அடியில் இருந்தது. வண்டி ஓரமாக நின்றது.

அதற்குள் தரகரம்மாவின் கை தன் பைக்குள் போயிருந்தது. அவள் அனுப்பவில்லை, அதுவாகவே போனது. நீல இன்ஹேலரை எடுத்தது, குலுக்கியது, குழந்தைகள் மருந்து இழுக்கிற பிளாஸ்டிக் குழாயில் செருகியது. அவள் பின் சீட்டுப் பக்கம் எம்பி, குழந்தையின் தாடையை லேசாக நிமிர்த்தி, குழாயின் முகமூடியை மூக்கும் வாயும் மறையப் பிடித்து, மெதுவா கண்ணு, மெதுவா என்றாள்.

முனகல் அடங்கியது.

அவர்கள் குழந்தைக்கு வாங்குகிற அதே மருந்து. அம்மாக்காரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இது உங்களிடம் எப்படி என்று கேட்டாள்.

குழாயின் மேல் மஞ்சள் வாத்து ஸ்டிக்கர் ஒன்று பாதி உரிந்து ஒட்டியிருந்தது. அவள் கட்டைவிரல் நகர்ந்து வாத்தை மூடிக்கொண்டது. தன் மேலேயே காறித் துப்பலாம் போல் இருந்தது அவளுக்கு. வாய் மட்டும் நிற்கவில்லை.

"கம்பெனி வண்டியில இது எப்பவும் இருக்கும்ங்க. குழந்தைகளோட வர்றவங்களுக்காக."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிற கம்பெனியை எங்கேயும் கண்டதில்லை என்றார் இன்ஜினியர். இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார். ஏரியாலும் கொக்காலும் முடியாததை அந்த நீலக் குப்பி முடித்துக்கொடுத்தது.

டிரைவர் திரும்பி அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். இந்தக் காற்றில் இனி ஒரு நாள்கூட வைத்திருக்காதீர்கள் என்று டாக்டர் கையை விரித்த அன்று, அவள் மகளையும் துணிப்பையையும் இதே வண்டியில் ஏற்றி, வெளியூரில் இருக்கிற அவள் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். அங்கே புதுசாக ஒன்று வாங்கிக் கொடுத்தாகிவிட்டது, பழையது அவள் பையிலேயே தங்கிவிட்டது.

போன் மறுபடியும் அதிர்ந்தது. அக்காவின் போனிலிருந்து மகள் தினமும் கேட்பது ஒரே கேள்வி, நம்ம வீட்டுக்கு எப்பம்மா வரலாம் என்று. அவள் எடுக்கவில்லை.

அம்மாக்காரி குழாயைக் கைக்குட்டையால் சுத்தமாகத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"பத்திரமா வச்சுக்கோங்க. அடுத்து வர்ற குழந்தைக்கு உதவும்."

தரகரம்மா வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.