பொன்னழகு வாங்கிய படம்

பெர்லினில் மகன் சிவபிரகாஷ் கூட்டிப்போன ஓவிய அருங்காட்சியகத்தில் பொன்னழகு எந்தப் படத்துக்கும் நிற்கவில்லை. பூ, ஆறு, மலை எல்லாவற்றையும் கடந்து நடந்தவள், மூன்றாவது மாடியில் ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டாள்.

கோணல் வாய், பிதுங்கிய கண்கள், பச்சை நிற முகம்.

"ஏப்பா, இதை மட்டும் எதுக்கு இம்புட்டுப் பேரு சுத்தி நின்னு பாக்குறாங்க?"

"நல்ல ஓவியம்னா அப்படித்தாம்மா. பார்க்கிறவங்களால கண்ணை எடுக்கவே முடியாது."

"யாரு வந்தாலுமா?"

"யாரு வந்தாலும். உனக்கு இதுல எது பிடிச்சிருக்கு?"

"அந்த முழிதான். இதுல ஒண்ணு வாங்கிக் குடுப்பா. திண்டுக்கல்லு புது வீட்டுக்கு ஆகும்."

சிவபிரகாஷுக்குப் பெருமை தாங்கவில்லை. கீழே இருந்த கடையில் அந்தப் படத்தின் பெரிய பிரதியைச் சட்டத்தோடு வாங்கினான். தன் அம்மாவுக்கு நவீன ஓவியம் புரிகிறது என்று நண்பர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினான்.

கிரகப்பிரவேசத்துக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. மறுநாள் வீடியோ காலில் ஹாலைச் சுற்றிக் காட்டச் சொன்னான். நாலு சுவரிலும் படத்தைக் காணோம்.

"அம்மா, படத்தை எங்க மாட்டுன?"

பொன்னழகு போனோடு தெருவுக்கு வந்து வீட்டின் உச்சியைக் காட்டினாள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில், திருஷ்டிப் பூசணிக்காய்க்குப் பக்கத்தில், அந்தப் பச்சை முகம் தெருவை முறைத்துக்கொண்டிருந்தது.

"நீ சொன்னது நெசந்தாம்ப்பா. போற வாற ஒருத்தரும் அதுலருந்து கண்ணை எடுக்கல. வீட்டை ஒருத்தரும் ஏறிட்டுப் பாக்கல."