பின்னந்தலை

ஓவியத்தில் கண்ணாடிக்குள் இருந்த பகுதியை அவன் கத்தியால் மறுபடியும் சுரண்டினான்.

நேற்றுச் சுரண்டியதும் அதே இடம்தான்.

மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. மகள் எழினி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுகிறது. சிரிக்கப் போகிறாளா, சண்டைக்கு வரப் போகிறாளா என்று சொல்ல முடியாத அந்த உதடுகூட வந்துவிட்டது. படத்தைப் பார்த்த அவன் தம்பி வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

அவளுக்குப் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி வரைந்திருந்தான். அதில் அவளுடைய பின்பக்கம் தெரிய வேண்டும்.

எதை வரைந்தாலும் அது வேறு யாரோ ஒரு பெண்ணின் தலையாகத்தான் இருந்தது.

எரிச்சலில் கத்தியை விட்டெறிந்தான். அது துணியில் வண்ணத்தை ஈஷிவிட்டுக் கீழே விழுந்தது.

கண்ணாடியே வேண்டாம் என்று விட்டுவிடலாம். விட மாட்டான். காரணம், மனைவி.

அவன் ஓவியம், அவள் சிற்பம். ஒரே கல்லூரியில் ஆளுக்கொரு துறை. ஓவியம் பெரிதா, சிற்பம் பெரிதா என்று ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலிக்காரர்கள் போட்ட சண்டையை முதலாண்டு மாணவர்களுக்கு இருவரும் சேர்ந்தே நடத்துவார்கள். மாணவர்களுக்கு அது பாடமில்லை, சினிமா. சிற்பி என்றால் மாவு மில்லில் இருந்து வந்த ஆள் மாதிரி இருப்பான், ஓவியன் சலவைச் சட்டையோடு வேலை பார்ப்பான் என்று இவன் சொல்வான். பதிலுக்கு அவள் அவன் கொண்டுவந்த ஓவியத்தைத் திருப்பிக் காட்டுவாள். துணி, ஆணி, சிலந்தி வலை.

"சார் வரைஞ்ச ஆளுக்கு முதுகே கிடையாது."

வகுப்பு சிரிக்கும். அந்தக் காலத்திலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள் என்பான் இவன். ஓர் ஆளை வரைந்து, பக்கத்தில் கண்ணாடியையும் தண்ணீரையும் வரைந்து, எல்லாப் பக்கத்தையும் ஒரே பார்வையில் காட்டிவிடலாம். சிலை என்றால் கால் வலிக்கச் சுற்றி வர வேண்டும். வீட்டுக்கு வந்தும் சண்டை தொடரும். எழினி நடுவில் உட்கார்ந்து டிவியின் சத்தத்தைக் கூட்டுவாள்.

போன மழையில் டெங்கு வந்து அவள் போய்விட்டாள். பதினாறு வயது.

அதன் பிறகு வீட்டில் சண்டை இல்லை. பேச்சே இல்லை. மனைவி கொல்லைக் கொட்டகையில் களிமண்ணோடு அடைந்துகொண்டாள். இவன் மாடியில்.

அடுத்த வாரம் வருஷத் திதி. ஸ்டுடியோவில் பெரிதாக்கிய போட்டோவுக்கு மாலை போட அவன் சம்மதிக்கவில்லை. என் பெண்ணை நான் வரைகிறேன், முழுசாக வரைகிறேன் என்று சொந்தக்காரர்களிடம் வீம்பாகச் சொல்லிவிட்டான்.

ஃபோன் நிறையப் படங்கள் இருக்கின்றன. எல்லாம் முகம். பின்னந்தலையை யார் படம் எடுக்கிறார்கள்? தினமும் ஸ்கூட்டரில் பள்ளியில் கொண்டுபோய் விட்டவன் அவன்தான். அவள் இறங்கி நடப்பாள். அவன் உடனே வண்டியைத் திருப்பிவிடுவான். ஒரு நாளாவது நின்று பார்த்திருக்கலாம்.

கடைசியில் வெட்கத்தை விட்டுக் கொட்டகைக்குப் போனான். அவளும் எழினியைத்தான் செய்துகொண்டிருப்பாள்; பார்த்து அப்படியே வரைந்துகொண்டு வந்துவிடலாம். மத்தியான வெயில். கதவு திறந்தே கிடந்தது.

சுழல்பலகையின் மேல் களிமண் எழினி கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள்.

அவன் அப்படியே நின்றுவிட்டான்.

உச்சியில் இரட்டைச் சுழி. அதனால் கோணிப்போன வகிடு. பிடரியில் பின்னலுக்கு அடங்காத குட்டை முடி. மடங்கிய ஒரு காது. இவள்தான். இவளைத்தான் மாடியில் சுரண்டிச் சுரண்டித் தேடிக்கொண்டிருந்தான்.

பொறாமையாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. நீ ஜெயிச்சிட்டே என்று சொல்ல வாயெடுத்தபடியே முன்பக்கம் சுற்றி வந்தான்.

நெற்றி இருந்தது. மூக்கு இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரலால் அழுத்திய இரண்டு பள்ளங்கள் மட்டும் இருந்தன.

"மண்ணுல பார்வை வராதுன்னு சொல்வீங்களே," என்றாள் மனைவி. அவன் பக்கம் திரும்பவில்லை. "சரிதான். திறந்து வெச்சா குருட்டுக் கண்ணா இருக்கு. மூடி வெச்சா, ஐஸ் பெட்டியில பாத்த மாதிரி இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் கேட்க ஆசைப்பட்ட 'சரிதான்' அது. அதைக் கேட்காமலே செத்திருக்கலாம் என்று இருந்தது.

மண்ணிலும் வரும், வீம்புக்குச் சொன்னது அது என்று சொல்ல நினைத்தான். சொன்னாலும் நம்ப மாட்டாள். அவளுக்கு மண்ணைத் தெரியும்.

அவள் பலகையைத் திருப்பினாள். முதுகுப்பக்கம் வந்தது. அவ்வளவு அழகாக முடிந்திருந்த பின்னலைக் கம்பி வளையத்தால் அடியோடு வழித்தெடுத்தாள். அவன் தடுக்கக் கை நீட்டுவதற்குள் எல்லாம் கீழே விழுந்துவிட்டது. மூலையில் இன்னும் பல பின்னல்கள் காய்ந்து, ஒடிந்து, குவிந்து கிடந்ததை அப்போதுதான் பார்த்தான்.

ஈர மண்ணை நீளநீளமாக மூன்று பின்னல் கால்களாக உருட்டினாள். பிடரியில் ஒட்ட வைத்தாள். ஒன்றை எடுத்து ஒன்றின் மேல் போட்டு இறுக்கினாள். அவள் இழுத்த இழுப்பில் பலகை லேசாகச் சுழன்றது.

"ஆடாம இருடி. மணியாச்சு."

அவன் குனிந்து, பலகையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.